சொன்ன பேச்சு கேட்ட அறை

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சத்தியமாக இருக்கிறது, நானே செய்து வைத்திருக்கிறேன், ஆனால் இப்போது தரமாட்டேன். எங்கள் அம்மாவின் வயிற்றில் இப்போது தண்ணீர் கிடக்கிறது. தண்ணீர் கிடக்கும்போது சிரித்தால் குழாய் போட்ட இடம் இழுக்கும், வலிக்கும், அதனால் தண்ணீர் இறங்கி முடிக்கும்வரை யாரும் அம்மாவைச் சிரிக்கவைக்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். அந்தச் சட்டம் முக்கியமாக எனக்குத்தான். என் பெயர் வடிவு, பள்ளிக்கூடத்தில் மைக்செட்டு என்பார்கள். ரேஷன் கடைக்காரர், பஸ் கண்டக்டர், சாமியாடும்போது எங்கள் சித்தப்பா, யார் குரலையும் ஒரு தடவை கேட்டால் போதும், என் தொண்டையில் வந்து குடியேறிவிடும். ஒரு வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை குரலில் பள்ளி மைக்கில் விடுமுறை அறிவித்து, அவர் வகுப்பறையிலிருந்து வெளியே வந்து பார்ப்பதற்குள் பாதிப் பள்ளிக்கூடத்தை பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய் நிறுத்தியவள் நான். நீங்களும் இப்போது எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டீர்கள், உங்களுக்கும் அதே சட்டம்தான். பொறுங்கள். இறங்கட்டும்.

அம்மாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. வயிற்றில் ஒரு குழாய் வைத்து, ஒரு பையிலிருந்து மருந்துத் தண்ணீரை உள்ளே ஏற்றி, சில மணிநேரம் அதை அங்கேயே கிடக்கவிட்டு, உடம்பின் கழிவையெல்லாம் அது இழுத்துக்கொண்டதும் இன்னொரு பையில் இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். விடிந்தால், மதியமானால், பொழுது சாய்ந்தால், படுக்கப்போகுமுன், என்றைக்கும் இதேதான். பெரியாஸ்பத்திரி டாக்டர் அப்பாவை உட்காரவைத்துச் சொன்னார்: "தூசி ஆகாது, ஈ ஆகாது, காத்தடிக்கக் கூடாது. கழுவி விடுற மாதிரி தரையோட தனியா ஒரு ரூம் வேணும். இல்லன்னா கிருமி உள்ள போயிரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க." எங்கள் வீடு தும்பைநல்லூர் செக்கடித் தெருவில் இருக்கிறது. ஒரு ஹால், ஒரு அடுப்படி, வாசலைத் தொட்டுக்கொண்டு ரோடு, ரோட்டில் நாள்முழுக்க ஜல்லி லாரி. எங்கள் வீட்டில் சோற்றில் கூடத் தூசியைத்தான் பிசைந்து சாப்பிடுவோம். ஆகவே அருளப்பன் கொத்தனாரைக் கூப்பிட்டு, பின்கொல்லையில் எலுமிச்சை மரத்துக்கும் பின் சுவருக்கும் நடுவில், மேலே தகர ஷீட்டும் கீழே வெள்ளை டைல்ஸுமாக, ஒரு கட்டிலும் ஒரு நாற்காலியும் போடுகிற அளவுக்கு ஓர் அறை கட்டினார் அப்பா. சுண்ணாம்பு காய்வதற்குள் குற்றாலிங்கம் சார் வந்துவிட்டார்.

குற்றாலிங்கம் சார் எங்கள் பேரூராட்சியின் கட்டட ஆய்வாளர். அவர் காசு வாங்க மாட்டார். இதை எழுதும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வாங்குகிற மனுஷன் என்றால் அவருக்கு ஏதோ ஒன்று தேவைப்படுகிறது, நம்மிடம் அது இருக்கிறது, பேசிக்கொள்ளலாம். இவருக்கோ எதுவுமே தேவைப்படவில்லை, விதி இருந்தால் போதும், விதியை வாயில் போட்டுப் பாக்கு மாதிரி மென்றுகொண்டே இருப்பார். மூக்கால் பேசுவார். 'அதாவது' என்று தொடங்கி 'புரியுதுங்களா' என்று முடிப்பார். ஆபீஸுக்குப் பின்னால் தனியாக நிற்கிற ஓர் அறை அவருடையது, அதற்குள் குற்றாலநாதர் படம் மாட்டி ஊதுபத்தி ஏற்றியிருப்பதால் கதவில் தன் கையாலேயே சிவப்புப் பெயிண்டில் 'செருப்பை வெளியே விடவும்' என்று எழுதி, தானும் வெளியேதான் விடுவார், மற்றவர்களும் விட வேண்டும். அறை கட்டுமுன் என்னைக் கூட்டிக்கொண்டு அனுமதி கேட்டுப் போனபோது அம்மாவும் விட்டாள். வீங்கின கால், செருப்பு வார் பதிந்த தடம் குழியாக இருந்தது, சித்திரை வெயிலில் சிமெண்டுத் தரை தோசைக்கல்லாகக் கிடந்தது, "அதாவது, வெளிய உக்காருங்க, கூப்பிடுறேன், புரியுதுங்களா" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. வெளியே உட்கார ஒன்றுமில்லை. அம்மா ஒரு காலை மாற்றி ஒரு காலை வைத்து நின்றாள். அன்றைக்குத்தான் அந்தக் குரல் என் தொண்டைக்குள் வந்து குடியேறியது, நான் கூப்பிடாமலே.

எங்கள் கொல்லைக்கு வந்தவர் டேப்பை இழுத்துப் பார்த்தார்.

"அதாவது, பின் சுவருக்கும் கட்டடத்துக்கும் நடுவில மூணடி காலியா இருக்கணும். இப்ப ஒரு பூனை போக இடமில்ல."

"பொம்பளை உயிரு சார்," என்றார் அப்பா. "டாக்டரே எழுதிக் குடுத்திருக்காரு."

"டாக்டர் உடம்புக்கு எழுதுவாரு. நான் கட்டடத்துக்கு எழுதுறேன். கட்டடம் மூணடி தள்ளி நிக்கணும், புரியுதுங்களா."

இதை அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை. அவர் யாரையும் பார்த்துப் பேச மாட்டார், சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். சுவர் கேட்டுக்கொண்டது. மறுநாள் காலையில் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பினால் அறை மூன்றடி தள்ளி நின்றது. துளசித் தொட்டியை மிதிக்காமல், துணிக்கொடியை அறுக்காமல், நல்ல பிள்ளையாக நகர்ந்து நின்றது. அது எழுந்துபோன பழைய அஸ்திவாரக் குழியில் பக்கத்து வீட்டு ஜெபமணி அக்காவின் கோழிகள் மண்குளித்துக்கொண்டிருந்தன.

குற்றாலிங்கம் சார் வந்து பார்த்துவிட்டு ஆச்சரியப்படவில்லை. சொன்னதைச் செய்திருக்கிறது, இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது. டேப்பை மறுபடி இழுத்தார்.

"பின்னாடி சரியா இருக்கு. ஆனா இப்ப வீட்டுக்கும் இதுக்கும் நடுவில அஞ்சடி இல்ல."

பின்னால் போனால் பின் சுவர், முன்னால் வந்தால் வீடு, இரண்டு பேச்சையும் கேட்க வேண்டுமென்றால் ஒடுங்கத்தான் வேண்டும், ஒடுங்கியது. அடுத்த தடவை வந்து உயரம் கூடுதல் என்றார், தகரத்தை முறுக்கிக்கொண்டு கூன் போட்டு உட்கார்ந்தது. அதற்கடுத்த தடவை வந்து ஜன்னல் பக்கத்து வீட்டைப் பார்க்கிறது என்றார், தூக்கம் வந்த கண் மாதிரி ஜன்னல் மெல்ல மூடிக்கொண்டது. ஒவ்வொரு தடவையும் அது சரியாகிக்கொண்டே வந்தது, சரியாகச் சரியாக அதற்குள் கட்டில் போக முடியாமல் போனது, பிறகு நாற்காலி போக முடியாமல் போனது, கடைசியில் ஒரு வெள்ளாடு படுத்துக்கொள்கிற அளவுக்கு வந்து, அப்போதுதான் குற்றாலிங்கம் சார் திருப்தியாக, "அதாவது, இப்பதான் ஒரு வழிக்கு வந்திருக்கு," என்றார்.

செக்கடித் தெரு இதை எப்படி எடுத்துக்கொண்டது என்று கேட்கிறீர்களா. குழாயடியில் வைத்து எடுத்துக்கொண்டது. "இந்தத் தெருவிலயே சொன்ன பேச்சு கேக்குற ஒண்ணே ஒண்ணு அதுதான்," என்றாள் ஜெபமணி அக்கா, கோழி வளர்த்து முட்டை விற்கிறவள், எங்களுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். "எம்மவன பத்து வருசமா தள்ளிப் படுடா தள்ளிப் படுடாங்கேன், ஒரு சாண் நகந்திருப்பானா." அதன் பிறகு படிக்காத பிள்ளைகளை இழுத்துவந்து எங்கள் கொல்லையில் நிறுத்தி, "பாருலே, கல்லும் மண்ணும் கேக்கு, ஒனக்கு எங்கலே போச்சு காது," என்று தாய்மார்கள் கேட்டார்கள். கல்யாணமாகப் போகிற பெண்கள் அதன் மூலையில் மஞ்சள் தடவிவிட்டுப் போனார்கள், வரப்போகிறவன் இதுமாதிரி அமைய வேண்டுமாம். அருளப்பன் கொத்தனார் மட்டும் மூன்று நாள் சாப்பிடவில்லை. "நான் போட்ட அஸ்திவாரம் எந்திரிச்சு நடக்கும்னா, நான் என்ன கொத்தனாரா, இல்ல மாடு மேய்க்கியவனா," என்று எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்து அழுதார். நான்காம் நாள் மேலத்தெருவிலிருந்து ஆள் வந்து, நடக்கிற மாதிரியே ஒரு குளியலறை கட்டித்தர முடியுமா என்று விசாரித்தார்கள். அதற்குப் பிறகு அழவில்லை.

ஆனால் அறை எல்லார் பேச்சையும் கேட்கவில்லை. அப்பா கும்பிட்டுக் கேட்டார், கொஞ்சம் அகலமாகு தாயி என்று, அசையவில்லை. ஜெபமணி அக்கா ஜெபம் செய்தாள். பூசாரி விபூதி போட்டார். கட்சி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, தலைவரிடம் பேசிவிட்டதாகச் சுவரிடமே சொன்னார். ஒரு மயிரும் வளரவில்லை. அதற்கு அதிகாரம் எது, அழுகை எது என்று நன்றாகத் தெரிந்திருந்தது, தும்பைநல்லூரில் கட்டிய அறை இல்லையா.

அம்மா ஹாலிலேயே ஏற்றி இறக்கினாள். ஈரச் சேலையை வாசலில் கட்டி, காற்றாடியை நிறுத்தி, நானும் அப்பாவும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று, லாரி வருகிற சத்தம் கேட்டால் கதவை அழுத்திப் பிடித்து. ஒரு மதியம் இறங்கிய தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி கலங்கலாக வந்தது. கலங்கலாக வந்தால் என்ன அர்த்தம் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். அப்பாவின் லோடு ஆட்டோவில், பாயில் படுக்கவைத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒரு சத்தமும் போடாமல் அம்மா வந்தாள். சத்தம் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். ஆஸ்பத்திரியில் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் அப்பாவிடம், "இன்னொரு தடவை இப்படி வந்தா குழாயை எடுத்துரணும். அப்புறம் எங்கிட்ட வேற வழி இல்ல," என்றார்.

நான் நேராகக் கொல்லைக்குப் போனேன். அந்த அறை வெள்ளாடு மாதிரி சுருண்டு படுத்திருந்தது. எனக்கு வந்த கோபத்தில் என் குரல் எனக்குக் கிடைக்கவில்லை, வேறு குரல்தான் முன்னால் வந்து நின்றது, மூக்கால் வந்தது.

"அதாவது, உனக்கு வெக்கமா இல்ல? ஒரு பொம்பளை படுக்க இடமில்லாம ஆஸ்பத்திரியில கெடந்து வந்திருக்கா, நீ இங்க ஒடுங்கிக் கெடக்க. எந்திரி. பழையபடி ஆகு. புரியுதுங்களா."

தகரம் நடுங்கியது. அறை எழுந்து, முதுகை நிமிர்த்தி, ஜன்னலைத் திறந்து என்னைப் பார்த்து, பழையபடி ஆனது.

இங்கே சிரிப்பு வருகிறது உங்களுக்கு, தெரிகிறது. பொறுங்கள். எனக்கும் வந்தது, ஜெபமணி அக்காவுக்கும் சுவருக்கு அந்தப் பக்கம் வந்தது, ஆனால் அம்மா ஹாலில் கட்டிலில் படுத்தபடியே கையை உயர்த்தி, "ஏட்டி, சிரிக்கவைக்காத, தண்ணி கெடக்கு," என்றாள். அடக்கிக்கொண்டோம். அடக்கிக்கொண்டதும் நல்லதுதான், ஏனென்றால் அது நிலைக்கவில்லை. நான் வளர்ப்பேன், அவர் வந்து சுவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லிக் குறுக்குவார், மறுபடி நான் வளர்ப்பேன், மறுபடி அவர் வருவார். அறை வளர்ந்து தேய்ந்து வளர்ந்து தேய்ந்து சுவரெல்லாம் கீறல் விட்டது, டைல்ஸ் பெயர்ந்தது, கீறலில் எறும்பு வந்தது. ஒரே குரலில் இரண்டு விதமாகக் கட்டளை வந்தால் எந்தப் பிள்ளைதான் தாங்கும். இந்த அறைக்குள் அம்மாவை வைக்க முடியாது என்று எனக்குப் புரிந்துவிட்டது. விதி என்ற ஒன்று தொடாத அறை வேண்டும். அப்படி ஓர் அறை ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, கறிக்கடையில் கூட்டம் நிற்கிற நேரம், நானும் ஜெபமணி அக்காவும் பேரூராட்சி ஆபீஸின் பின்பக்கம் போனோம். அவருடைய அறை ஆளில்லாமல் சாத்திக் கிடந்தது. பெரிய அறை. கழுவுகிற தொட்டி உள்ளேயே இருந்தது, தூசி வராத கண்ணாடி ஜன்னல், பளிங்கு மாதிரி தரை. அதற்கு எந்தக் காலத்திலும் எவரும் டேப் பிடித்துப் பார்த்ததில்லை, சர்க்கார் அறை. அக்கா தெருவைப் பார்த்துக்கொள்ள, நான் அந்தச் சுவரைப் பார்த்து மூக்கால் சொன்னேன்:

"அதாவது, செக்கடித் தெரு, வடிவு வீட்டுப் பின்கொல்லைக்குப் போய் நில்லு. போற வழியில யாரையும் இடிக்காத. புரியுதுங்களா."

சட்டையைக் கழற்றிப் போடுகிற மாதிரி, மேசையையும் நாற்காலியையும் பீரோவையும் அங்கேயே வெயிலில் நிற்க விட்டுவிட்டு, அறை மட்டும் எழுந்தது. எழுந்து, தண்ணீரில் இறங்குகிறவள் சேலையைத் தூக்கிப் பிடிக்கிற மாதிரி அடிப்பாகத்தைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு, கடைத்தெரு வழியாக நடந்தது. கறிக்கடை வரிசை ஒதுங்கி வழிவிட்டது, தங்கள் இடத்தை மட்டும் விடாமல். தேருக்கு மின்கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற ஆட்கள் பழக்கத்தில் மூங்கில் கழியோடு வந்து கம்பியைத் தூக்கிப் பிடித்தார்கள். முக்குத் திரும்புகையில் யாரோ ஓடிவந்து முட்டுக்கட்டை போட்டார்கள். எதிரே எங்கள் சின்ன அறை ஆபீஸை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது, அதற்கும் சொல்லி அனுப்பியிருந்தேன், போகும்போது விதிப்படி ஒடுங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தேன். ரேஷன் கடை முக்கில் இரண்டும் சந்தித்தபோது சின்னது ஒதுங்கிப் பெரியதுக்கு வழிவிட்டது. அதைப் பார்த்துவிட்டுக் கறிக்கடை வரிசையில் ஒருவர், "அதுக்குந் தெரியுது பாரு," என்றார். ஊரில் பாதிப்பேரிடம் குற்றாலிங்கம் சார் ஏதோ ஒன்றைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தார், ஆகவே அவரிடம் போய்ச் சொல்ல ஊருக்கே அன்றைக்கு வாய் இல்லை.

அவருடைய அறை எங்கள் கொல்லைக்கு வந்ததும் மூன்றடியாவது ஐந்தடியாவது, பின் சுவரில் முதுகைச் சாய்த்து, எலுமிச்சை மரத்தை ஒருபக்கம் தள்ளி, கால் நீட்டி உட்கார்ந்துகொண்டது. சர்க்கார் அறைக்கு உட்காரும் முறை தெரியும். கழுவித் துடைத்து, கட்டிலையும் நாற்காலியையும் போட்டு, காலண்டர் தொங்கிய ஆணியில் அம்மாவின் பையை மாட்டினோம். குற்றாலநாதரை எடுக்க வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாள். கதவில் இருந்த சிவப்பு எழுத்தையும் அழிக்கவில்லை. அவர் போட்டதில் அது ஒன்றுதான் நல்ல விதி, தூசிக் கால் உள்ளே வராது.

திங்கட்கிழமை குற்றாலிங்கம் சார் ஆபீஸுக்குப் போய், செருப்பை வெளியே விட்டு, உள்ளே நுழைந்து, நெற்றியை நிலையில் இடித்துக்கொண்டார். நாற்காலியை எடுத்துவிட்டு முக்காலி போட வேண்டியிருந்தது. முழங்கால் முகவாய்க்கு வந்தது. ஜன்னல் இல்லாத அறையில் வேர்த்து ஊற்றியது. மனு கொடுக்க வந்தவர்கள் கையை மட்டும் உள்ளே நீட்டினார்கள். "சார், ரூமு சுருங்கின மாதிரி இல்ல?" என்று கிளார்க் கேட்டதற்கு, டேப்பை எடுத்து நான்கு பக்கமும் அளந்து, பின்பக்கம் சரி, முன்பக்கம் சரி, உயரம் சரி, ஜன்னல் யார் வீட்டையும் பார்க்கவில்லை, "அதாவது, எல்லாம் விதிப்படி இருக்கு, என்னன்னு கம்ப்ளைண்ட் பண்ணச் சொல்றீங்க," என்றார். அவருக்கு ஏற்றபடி அவரே செதுக்கிய அறை, அவரே எப்படிக் குறை சொல்வார். குனிந்து போய்க் குனிந்து வந்து, கொஞ்ச நாளில் தெருவில் நடக்கும்போதும் தலை குனிந்தே நடக்க ஆரம்பித்தார். அம்மாவுக்கு அந்த மாதமும் அடுத்த மாதமும் தண்ணீர் தெளிவாக இறங்கியது. கன்னத்தில் கொஞ்சம் சதை வந்தது. அவர் தலை குனிந்து போவதை அம்மாவுக்கு நடித்துக் காட்ட எனக்கு நாக்கு அரித்தது, அடக்கிக்கொண்டேன், தண்ணீர் கிடந்தது.

பிறகு யாரோ மனு போட்டார்கள். செக்கடித் தெருவில் பின்கொல்லையில் பெரிதாகக் கட்டடம் எழுந்திருக்கிறது என்று. ஊர் என்றால் அப்படி ஓர் ஆள் இருக்கத்தானே செய்வான். நோட்டீஸ் ஒட்டினார்கள். கெடு முடிந்த காலையில், லாரித் தூசியைக் கிழித்துக்கொண்டு ஒரு ஜேசிபி வந்து நின்றது. குற்றாலிங்கம் சார் அதற்கு முன்னால் குனிந்தபடி நடந்து வந்தார்.

"சார், உள்ள ஆளு இருக்கு," என்றார் அப்பா. "இப்பதான் மாட்டியிருக்கு. பாதியில எந்திரிக்க முடியாது சார்."

"அதாவது, கெடு முடிஞ்சிருச்சு."

"தண்ணி இறங்கி முடிக்கட்டும். அதுக்கப்புறம் என்னை வேணா இடிங்க."

அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. சுவரை நோக்கிப் போனார். ஜேசிபியைக் கண்டு எனக்குப் பயமில்லை, டிரைவர் எங்கள் பக்கத்து ஊர்க்காரர், முன்பே இறங்கி பீடி பற்றவைத்திருந்தார். எனக்குப் பயம் அவருடைய வாயைக் கண்டு. இதுவரை தள்ளி நில், ஒடுங்கு, குனி என்றுதான் சொல்லியிருக்கிறார். இன்றைக்கு இந்தக் கட்டடம் இருக்கக் கூடாது என்று சுவரைப் பார்த்துச் சொல்லப்போகிறார். சொன்னால் அது கேட்கும். உள்ளே அம்மா, வயிற்றிலிருந்து குழாய், ஆணியில் பை. நான் அதற்குமேல் கத்தினால்? ஒரே குரல் இரண்டு விதமாகச் சொல்லிச் சுவர் கீறியதை நான் பார்த்திருக்கிறேன். ஜெபமணி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கதவுக்கு முன்னால் வந்து நின்று வாயைத் திறந்தார்.

"அதாவது," என்றார். தகரமில்லாத அந்த அறையில் எங்கோ தகரம் நடுங்கிய சத்தம் கேட்டது.

அப்போது அவர் கண் கதவில் விழுந்தது. சிவப்பு எழுத்து. செருப்பை வெளியே விடவும். அவர் எழுதியது, இத்தனை வருஷம் தினம் காலையில் அவர் படித்தது. வாய் பாதியில் நிற்க, கால் தன்பாட்டுக்கு வேலையைப் பார்த்தது. இடது செருப்பு கழன்றது, வலது செருப்பு கழன்றது, இரண்டும் ஒன்றையொன்று ஒட்டி வாசல் ஓரம் நின்றன. உயரமான நிலைதான், ஆனாலும் நன்றாகத் தலை குனிந்து, வலது காலை எடுத்து வைத்து, உள்ளே போனார். குற்றாலநாதர் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்தார். அதன் பிறகுதான் கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தார்.

"யாரும்மா நீங்க. வெளிய உக்காருங்க, கூப்பிடுறேன்."

நான் கண்ணாடி ஜன்னலுக்கு ஓடிவிட்டேன். அம்மா மாஸ்க் போட்டிருந்தாள், கண் மட்டும்தான் தெரிந்தது.

"கதவைச் சாத்துங்க சார்," என்றாள். "தூசி வருதுல்லா."

எழுந்துபோய்ச் சாத்திவிட்டு வந்தார்.

"அதுல இருக்குல்லா மாஸ்க்கு, ஒண்ண எடுத்து மாட்டிக்கிடுங்க."

எடுத்து மாட்டிக்கொண்டார். சொன்ன பேச்சு கேட்டுப் பழகியது சுவர் மட்டுமில்லை, சொல்கிறவர்கள் சொல்கிற மாதிரி சொல்ல வேண்டும். மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து, மெல்லக் காலை நீட்டினார். இடிக்கவில்லை. இன்னும் நீட்டினார். கழுத்தை நிமிர்த்தினார், எலும்பு சொடுக்கியது, அத்தனை மாதமாகக் குனிந்த கழுத்து.

"சௌரியமா இருக்கா சார்," என்று கேட்டாள் அம்மா.

"இப்பதாம்மா மூச்சு விட முடியுது," என்றார் கண்ணை மூடிக்கொண்டு. "மனுசனுக்கு இப்படி ஒரு ரூம் வேணும்."

"வேணும்லா சார்," என்றாள் அம்மா.

அவள் கேட்ட விதத்தில் ஏதோ இருந்தது. கண்ணைத் திறந்தார். காலண்டர் ஆணியைப் பார்த்தார், அதில் காலண்டர் இல்லை. பையிலிருந்து குழாய் வழியே கண்ணை இறக்கி, அம்மாவின் வயிற்றைப் பார்த்து, தரையில் நிறைந்துகொண்டிருக்கிற இன்னொரு பையைப் பார்த்ததும், தான் எதற்கு வந்தோம் என்பது அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. எழுந்து நின்று சுவரைப் பார்த்தார்.

"இந்தக் கட்டடம் இருக்கக் கூடாது."

அறை அசையவில்லை. மாஸ்க்குக்குள் அமுங்கிக் குழைந்து வந்த அந்தக் குரல் யாருடையது என்று அதற்குத் தெரியவில்லை. யாரோ அழுகிறவர் குரல் என்று நினைத்திருக்கும். எங்கள் அப்பா குரல் மாதிரி, பூசாரி குரல் மாதிரி. இன்னொரு தடவை சொன்னார். இன்னும் சத்தமாகச் சொன்னார். எவ்வளவு சொல்லியும் கேட்காத சுவருக்கு முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று, பாவம், அவருக்கு அன்றைக்குத்தான் முதல் தடவை.

நான் ஜன்னல் கண்ணாடியில் வாயை வைத்தேன்.

"அதாவது, எல்லாம் சரியா இருக்கு. நீ இருந்த இடத்திலயே இரு. இனி யாரு சொன்னாலும் நகராத, நான் சொன்னாலும் நகராத. புரியுதுங்களா."

அறை ஒரு பெருமூச்சு விட்டு, கடைவாய்ப்பல் இறங்குகிற மாதிரி, தரைக்குள் அஸ்திவாரத்தை ஆழமாக இறக்கிக்கொண்டது. கொல்லையே ஒரு தடவை குலுங்கியது, எலுமிச்சை மரத்திலிருந்து நாலைந்து காய் விழுந்தது.

குற்றாலிங்கம் சார் தன் குரல் ஜன்னலுக்கு வெளியேயிருந்து வருவதைக் கேட்டார். தன் வாயைத் தொட்டுப் பார்த்தார், மூடியிருந்தது. என்னைப் பார்த்தார். முதல் தடவையாகச் சுவரைப் பார்க்காமல் ஓர் ஆளைப் பார்த்தார். நான் கும்பிட்டேன். பிறகு குனிந்து தன் காலைப் பார்த்தார், வெறுங்கால். தொட்டியைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், குற்றாலநாதரைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே, அருளப்பன் கொத்தனார் செருப்பும், ஜெபமணி அக்கா செருப்பும், ஜேசிபி டிரைவர் செருப்பும், செக்கடித் தெருவே வந்து கழற்றிப் போட்ட செருப்புகளும் கிடக்க, நடுவில் அவருடையது விருந்துக்கு வந்தவர் செருப்பு மாதிரி ஒழுங்காக நின்றது கண்ணாடி வழியே தெரிந்தது.

அம்மா தரையில் இருந்த பையைத் தட்டிப் பார்த்தாள். தெளிந்த தண்ணீர்.

"ஏட்டி வடிவு," என்றாள், தோள் குலுங்க ஆரம்பித்திருந்தது, "முழுசா இறங்கிட்டு."

குற்றாலிங்கம் சார் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார்.

"புரியுது," என்றார்.